கரி தனி, வாயு தனி

நான் வேலை பார்க்கும் இடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை என்னைவிட என் கணவர்தான் நன்றாகச் சொல்வார். செவிலிமேட்டிலிருந்து ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வேனை ஓட்டுகிறார் அவர். காலையில் வண்டி நிரம்பும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் அரசியல் பேசுவார்கள். இவர் மீத்தேன் பேசுவார்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்லபா. நம்ம ரோட்டோரமா மஞ்சக் கல்லு நட்டு, அடியில பைப்புல கேஸ் போவுது பாரு, அதுல முக்காவாசி மீத்தேன்தான். உள்ள ஒரு கரி, அதைச் சுத்தி நாலு ஹைட்ரஜன், கையக் கோத்துக்கினு நிக்குது. காத்து படாம நல்லா சூடு காட்டினா கைய விட்டுடும். கரி தனி, வாயு தனி. அதான் என் வீட்டுக்காரம்மா வேல."

அந்த வேனில் போகும் மொபைல் கம்பெனிப் பெண்கள் என்னைத் தெருவில் பார்த்தால், "இன்னிக்கு மீத்தேன உடைச்சாச்சாக்கா?" என்று கேட்பார்கள். "உடைச்சாச்சு" என்பேன். உடைக்காத நாட்களிலும் அப்படியே சொல்லிவிட்டு நடப்பேன். இயந்திரம் நின்று போன கதையைப் பால் பாக்கெட்டும் கையுமாகத் தெருவில் நின்று சொல்ல முடியுமா?

நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவள். ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் சில வருடம் இருந்தேன். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அப்போதுதான் என் கணவர் வேனில் கேட்ட செய்தியோடு வந்தார். வாலாஜாபாத் சாலையில் புதிதாக ஒரு தொழிற்கூடம் வந்திருக்கிறது, ஆள் எடுக்கிறார்கள், கேஸ் சம்பந்தமான வேலை என்றார். மறுநாளே போனேன்.

மேலாளர் என்னைவிடச் சின்னவர். மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. படிப்பைப் பற்றியெல்லாம் கேட்டு முடித்தபின், "கரியில வேலை செய்யத் தயக்கம் இருக்கா?" என்றார்.

"எங்க அப்பா செங்கல் சூளையில வேலை செஞ்சவரு சார். கரி எனக்குப் புதுசு இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். "இது வேற கரி. சோப்புக்குப் போகாது" என்றார். நான் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிற்கூடம் பெரியதல்ல. ஒரு திருமண மண்டபம் அளவு இருக்கும். நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. அதைச் சுற்றி மின்சாரச் சூடேற்றிகள். அதன் முறையான பெயர் ரியாக்டர். நாங்கள் கூப்பிடுவது நெட்டையன். கீழிருந்து எரிவாயு உள்ளே போகும். உள்ளே ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு, ஆனால் காற்று ஒரு துளி கிடையாது. காற்று இருந்தால்தானே எரியும்? எரியாமல் சூடு மட்டும் ஏறும்போது மீத்தேன் பிரிந்துவிடும். ஹைட்ரஜன் மேலே போய், குளிர்ந்து, வடிகட்டிகளைத் தாண்டி சிலிண்டருக்குப் போகும். கரி குருணையாகவும் பொடியாகவும் கீழே விழும். ஹைட்ரஜனை வழக்கமாகச் செய்யும் முறையில் அந்தக் கரி ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் வானத்துக்குப் போய்விடும். எங்களிடம் அது கைக்கு வரும், மூட்டையில் கட்டலாம். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்காகத்தான் நாங்கள் எல்லாரும் அங்கே இருந்தோம்.

நெட்டையன் முதல்முதலாக ஒழுங்காக ஓடிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றோம். பார்க்க ஒன்றுமே இல்லை. ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, வாசனையில்லை. திரையில் ஓர் எண் மெல்ல ஏறியது. மேலாளர் அதைக் காட்டி, "வந்துக்கிட்டிருக்கு, வந்துக்கிட்டிருக்கு" என்றார். நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டினோம். அப்போது அடியிலிருந்த பெட்டியில் பொலபொலவென்று கருப்பாகக் கொட்டியது. உடனே அத்தனை பேரும் கைதட்டினோம். ஹைட்ரஜனைச் செய்துவிட்டுக் கரிக்குக் கைதட்டிய கூட்டம் நாங்கள்.

அன்றிலிருந்து கரி எங்களோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியது. ஒரு கிலோ ஹைட்ரஜன் வந்தால் கூடவே மூன்று கிலோ கரி வரும். அது மீத்தேனின் கணக்கு, நாம் மாற்ற முடியாது. காது மடலில், கைக்கடிகாரத்தின் வாரில், அடையாள அட்டையின் உறைக்குள் எல்லா இடத்திலும் கரி. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவோம். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் கழுத்தைக் காட்டி, "மை இட்டிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

என்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவர் தென்னேரிக்காரர். ஏரிக்குக் கீழே அவர்கள் வீட்டுக்கு நெல் வயல் உண்டு. ஆள் ஆஜானுபாகு. சிலிண்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனால் குழந்தையைக் கைபிடித்து அழைத்துப் போவது போலிருக்கும். அவரை நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன். சிலிண்டர் நிரப்புவது அவர் பொறுப்பு, நெட்டையனும் வடிகட்டிகளும் என் பொறுப்பு, கரி மூட்டை கட்டுவது யார் கை காலியாக இருக்கிறதோ அவர் பொறுப்பு.

ஒருநாள் சாப்பிடும்போது என் கணவர் வழக்கத்துக்கு மாறாக யோசனையாக இருந்தார்.

"வேன்ல ஒரு பொண்ணு கேட்டுச்சும்மா. 'அப்ப இதுல புகையே இல்லையாண்ணா?'ன்னு. நான் இல்லன்னுட்டேன். சொன்னது சரியா?"

"முழுசா சரியில்லைங்க" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பாவம், ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

"நெட்டையனுக்கு கரண்ட் வேணும் இல்ல? பகல்ல கூரை மேல இருக்கிற சோலார் கொஞ்சம் தருது. மீதி லைன்ல வர்ற கரண்டு. அதுல பாதி நிலக்கரி எரிச்சு வர்றதுதான். அப்புறம் கேஸ் வர்ற பைப்புல எங்கியாவது கசிஞ்சா, அந்த மீத்தேன் புகையவிட மோசம். அதனால கொறவுன்னு சொல்லலாம். நல்லாவே கொறவு. இல்லன்னு சொல்லக் கூடாது."

"கொறவு" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் வேனிலும் அதையே சொன்னாராம். அந்தப் பெண், "அதானே பார்த்தேன்" என்றாளாம். அவள் அப்படிச் சொன்னதில் அவருக்கு ஏனோ ரொம்ப திருப்தி.

நெட்டையன் பழக்கப்பட்டு, வாயு தினமும் வரத் தொடங்கியதும், அதை யாராவது வாங்கிப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று மேலாளர் அலைந்தார். கிடைத்தவர் திருப்புட்குழி பக்கம் செம்புக் கம்பிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. மயிரிழை போன்ற கம்பி இழுப்பவர். மோட்டார் சுற்றவும் போகும், ஜரிகை செய்பவர்களுக்கும் போகும். கம்பியை இழுக்க இழுக்க அது விறைத்துக்கொள்ளும். உலையில் சூடு காட்டினால்தான் மறுபடி இளகும். ஆனால் அந்த உலைக்குள் காற்று இருந்தால் செம்பு கருத்துப் போகும். அதனால் நைட்ரஜனோடு கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து உள்ளே நிரப்பி வைப்பார்கள். அந்த ஹைட்ரஜன் அவருக்குச் சென்னைக்கு அப்பாலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தது.

அவர் எங்கள் இடத்தைப் பார்க்க வந்தபோது வாசலில் நான்தான் நின்றேன். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அரக்கு நிறத்தில், அகலக் கரை போட்ட பட்டுப் புடவை. முதல்முறை ஓர் இடத்துக்குப் போகிறோம் என்று மரியாதையாக உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் இடத்திலோ தரையில் மஞ்சள் கோடு ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் பருத்தி உடை மட்டும்தான். பட்டும் நைலானும் உரசினால் மின்பொறி பிறக்கும். ஹைட்ரஜனுக்கு அந்தச் சின்னப் பொறி போதும்.

"வாங்கக்கா" என்று வரவேற்றுவிட்டு, மெல்லச் சொன்னேன். "மன்னிச்சுக்குங்க, இந்தக் கோட்டுக்கு உள்ள பட்டு வரக் கூடாது."

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். "என்னது? காஞ்சிபுரத்துல பட்டுக்கு அனுமதி இல்லாத எடமா?"

"இது ஒண்ணுதாங்க்கா."

நான் பயந்தபடி அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உரக்கச் சிரித்தார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போவதும், ஒவ்வொன்றையும் கையால் காட்டுவதும், திரும்பி வந்து விளக்குவதுமாக ஒரு மணி நேரம் நடந்தேன். தெலுங்கு பேசும் வீட்டுக்காரர் அவர். ஏதாவது பிடித்துப் போனால் "பாகுந்தி, பாகுந்தி" என்பார். நெட்டையனைப் பார்த்து அதைச் சொன்னார். கொட்டகையில் குவிந்திருந்த கரி மூட்டைகளைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது, "எனக்கு உங்க விஞ்ஞானம் எல்லாம் தெரியாதும்மா. கம்பி வெளிய வர்றப்போ பளபளன்னு வரணும். வந்தா வாங்குறேன்" என்றார்.

அடுத்த வாரமே சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு நானும் தென்னேரி அண்ணனும் அவர் பட்டறைக்குப் போனோம். குளித்து, சுத்தமான சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி போனோம். உலையில் எங்கள் சிலிண்டரை இணைத்தார்கள். மறுமுனையில் கம்பி வெளியே வரத் தொடங்கியது. முதலில் தங்கம் மாதிரி ஒரு நிறம். அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் பெருமூச்சு விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பளபளப்பு மங்கியது. அப்புறம் அங்கங்கே சாம்பல் நிறத்தில் திட்டு விழுந்தது. அப்புறம் கம்பி சுற்றிக்கொண்டிருந்த உருளையே கண்ணுக்கு மை தீட்டியது போல ஆகிவிட்டது. உருளையருகே நின்ற பெண் கம்பியை விரலால் தொட்டு, விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அந்த அக்கா இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். கிட்டே வந்து பார்த்தார்.

"நிறமே இல்லாத வாயுன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமாங்க்கா."

"இதுக்கு நல்லாவே நிறம் இருக்குதே!"

 அண்ணன் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கம்பியைத் தன் உள்ளங்கையால் துடைத்தார். திட்டு இன்னும் பெரிதாயிற்று. அக்கா அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களிடம் பழைய சிலிண்டரை மாட்டச் சொன்னார். எங்களிடம் திரும்பி, "சரி பண்ணிட்டு வாங்க. நான் எங்கியும் போயிட மாட்டேன்" என்றார். அந்தக் குரலில் கடுமை இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் வண்டியை நிறுத்தினோம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அண்ணன் முதல் தோசையை முடித்துவிட்டு இரண்டாவது சொன்னார்.

"உங்களுக்கு வருத்தமே இல்லையாண்ணா?"

"இருக்குதும்மா. பசியும் இருக்குது" என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது தேடல். நான் வடிகட்டிகளைத்தான் சந்தேகப்பட்டேன், அவை என் பொறுப்பு என்பதால். ஒவ்வொன்றாகக் கழற்றி விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். கிழிசல் இல்லை. இருந்தாலும் புதிதாக மாற்றினேன். மாற்றிய பின் வெண்ணிறத் துணி வைத்துப் பார்த்தோம். வடிகட்டியைத் தாண்டி வந்த வாயு துணியில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. பரிசோதனைக்கு அனுப்பிய வாயுவும் சுத்தம் என்று வந்தது. அவ்வளவு சுத்தம் என்று தெரிந்தும் சந்தோஷப்பட முடியவில்லை. சிலிண்டரைத் திறந்து பார்த்தால் அதே வாயு லேசாகக் கரி துப்பியது.

மேலாளர், அது சிலிண்டர் வாயில் வெளியே ஒட்டிய தூசி, அந்தப் பட்டறை உலையில்தான் ஏதோ எண்ணெய்ப் பசை இருக்கிறது என்றார். அண்ணன், சிலிண்டரே பழசு, உள்ளே துரு இருக்கும் என்றார். நான் இரண்டு பேரிடமும் தலையாட்டிவிட்டு, மறுபடி வடிகட்டியைக் கழற்றினேன். வீட்டில் என் மகள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தாள். "எங்க அம்மா காத்து செய்றாங்கன்னு சொன்னேம்மா" என்றாள். எப்படிப்பட்ட காற்று என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில் என் கணவருக்கு வேறொரு குறை இருந்தது. அவர் வேனுக்குப் புது இருக்கை உறை போட்டிருந்தார், வெள்ளை வெளேரென்று. என் ஸ்கூட்டர் பழுதாகும் நாட்களில் என்னையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, மாலையில் கூட்டிவருவார். அப்படி ஒருநாள் காலை நான் ஏறும்போது வாளித் தண்ணீரோடு உள்ளே நின்று ஒரு உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, குளிச்சிட்டுதானே வர்றே?"

"ஆமா. ஏன்?"

"நேத்து நீ உக்காந்த எடம் சுத்தமா இருக்குது. பக்கத்துல நீ பை வெச்ச எடம் பாரு. வட்டமா, இட்லி மாதிரி, கருப்பு."

என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பாகம் கருத்திருந்தது. விரலால் தேய்த்தேன், ஒட்டியது. எங்கள் கரிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பை கரிக் கொட்டகைக்குள் போனதே கிடையாது. காலையில் வந்ததும் நடைபாதைச் சுவரில் இருக்கும் பலகையில் வைப்பேன், மாலையில் எடுப்பேன். அப்படியானால் கரி எப்படி அங்கே வந்தது?

வழி நெடுக இதே யோசனை. அவர் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். நான் "ம்" கொட்டியதுகூட இல்லை என்று பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார்.

இறங்கியதும் நேராக அந்தப் பலகைக்குத்தான் போனேன். சுவரில் கை வைத்தேன். கை கருத்தது. மேலே பார்த்தேன். கரி மூட்டை கட்டும் கொட்டகையின் மின்விசிறி, உள்ளே இருக்கும் தூசியை வெளியே தள்ளுவதற்காக வைத்தது, நேராக இந்த நடைபாதையைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. நடைபாதையின் மறுபக்கம் என்ன? சிலிண்டர் நிரப்பும் இடம். அங்கே நிரப்பும் ஹோஸ் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, வாயைத் திறந்தபடி.

கைக்குட்டையை விரலில் சுற்றி ஹோஸின் வாய்க்குள் விட்டுத் திருப்பினேன். வெளியே எடுத்தால் அடுப்புக்கரி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் வந்தது. அண்ணன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவர் நின்றார்.

"இன்னாம்மா, காலையிலயே தனியா சிரிச்சிக்கினு இருக்கீங்க?"

கைக்குட்டையைக் காட்டினேன். மின்விசிறியைக் காட்டினேன். ஹோஸைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் தன் கையுறைகளைப் பார்த்தார். அவை ஒரு காலத்தில் பழுப்பு நிறம்.

"ஏம்மா, நேத்து மூட்டை கட்டினதும் இதே கையுறைதான். ஹோஸ மாட்டினதும் இதே கையுறைதான்."

"தெரியுதுண்ணா. நானும் அப்படித்தான் செய்றேன்."

"அப்ப வடிகட்டி?"

"வடிகட்டி சுத்தம். பரிசோதனைக்கு வாயு எடுத்ததும் ஹோஸுக்கு முன்னாடியே. அதான் சுத்தமா வந்துச்சு. ஆயிரம் டிகிரி சூடு வெச்சுப் பிரிச்சத, கடைசி அடியில நாமளே கலந்து விட்டிருக்கோம்."

அண்ணன் சிலிண்டரை நிறுத்தி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். சிரித்து நிமிர்ந்தபோது அவர் சட்டையின் முதுகில் சுவரே பதிந்திருந்தது. சத்தம் கேட்டு மேலாளர் ஓடி வந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டு முதலில் முகம் சுருங்கினார். பட்டறை உலையில் எண்ணெய்ப் பசை என்று எழுதி அனுப்பத் தயாராக இருந்தாராம். "நல்லவேளை அனுப்பல" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த துணியில் கரி இருந்ததால் கண்ணாடி இன்னும் மங்கியது. அப்புறம் அவராலும் அடக்க முடியவில்லை.

திருத்தும் வேலை அந்த வாரம் முழுக்க நடந்தது. கரி மூட்டை கட்டும் இடத்தைத் தொழிற்கூடத்தின் அந்தக் கோடிக்கு மாற்றினோம். மின்விசிறியை எடுத்துவிட்டுத் தூசியை உறிஞ்சிப் பையில் பிடிக்கும் கருவி வைத்தோம். ஹோஸ் முனைக்கு மூடி வந்தது. நிரப்புமுன் நைட்ரஜனை ஊதி ஹோஸைத் துப்புரவாக்கும் ஏற்பாடு வந்தது. சிலிண்டர்களைக் காலி செய்து உள்ளே கழுவிக் காயவைத்தோம். கூடவே இனி கையுறை இரண்டு வகை என்று மேலாளர் அறிவித்தார். கரிக்குக் கருப்பு, வாயுவுக்கு வெள்ளை. வெள்ளையில் அழுக்குப் பட்டால் உடனே தெரிந்துவிடும் அல்லவா? வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அண்ணன் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றபோது கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்க வந்தவர் மாதிரி இருந்தார். "இன்னா பாட்டு வாசிக்கணும்?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் முறை திருப்புட்குழிக்குப் போனபோது நாங்கள் அலங்காரமெல்லாம் செய்துகொள்ளவில்லை. சிலிண்டரை இணைக்கும் முன் அண்ணன் புதுக் கையுறை எடுத்து மாட்டினார். பட்டறைப் பெண்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். கம்பி வரத் தொடங்கியது. அந்தத் தங்க நிறம். நான் மூச்சை விடவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. நிறம் மாறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம். உருளை முழுக்கச் சுற்றி, வெயிலில் வைத்த புதுக் குடம் மாதிரி மினுமினுத்தது. போன முறை விரலைத் தூக்கிக் காட்டிய பெண் மறுபடி தொட்டாள். விரலைத் தூக்கினாள். விரல் விரலாகவே இருந்தது.

அக்கா ஒரு துண்டு கம்பியை வெட்டி எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் சுண்டுவிரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அது நூல் மாதிரி அவர் சொன்னபடி கேட்டது.

"பாகுந்தி" என்றார். "சரி, போன தடவ என்னதான் ஆச்சு?"

மேலாளர் எங்களோடு வரவில்லை. வந்திருந்தால் ஏதாவது நாசூக்காகச் சொல்லியிருப்பார். அண்ணன் நாசூக்கு பார்க்கிறவர் இல்லை. மின்விசிறி, ஹோஸ், பழைய கையுறை, என் கணவரின் வெள்ளை உறை, அதில் இட்லி வட்டம் என்று எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். பட்டறைப் பெண்கள் இயந்திரத்தை மறந்து கூடிவிட்டார்கள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நான் வாயுவத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். பாவம், அது என்ன பண்ணும்" என்றார். பிறகு, அடங்கிய குரலில் என்னிடம் கேட்டார். "ஏம்மா, நான் வந்தப்போ ஒரு கொட்டகை நெறைய கரி பார்த்தேனே. அதை என்ன பண்றீங்க?"

எங்கள் எல்லோருடைய தலைவலியையும் அவர் நேரே தொட்டுவிட்டார். கரியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் நாங்கள் செய்வது பாதி வேலைதான். அதை எரித்துவிட்டால் பிரித்ததே வீண். மண்ணில் கொட்டவும் மனம் வரவில்லை. மேலாளர் பல இடத்துக்கு மாதிரி அனுப்பியிருந்தார், பதில் இல்லை. இதைச் சொன்னேன்.

"ரப்பருக்குப் போடுவாங்களே, அந்தக் கரியா?"

"அதே வகைதாங்க்கா. டயருக்கு ஆகுமான்னு தெரியல. கால்மிதி, வாஷர் மாதிரி சாமானுக்கு ஆகும்னு நினைக்கிறேன். செஞ்சு பார்த்தாதான் தெரியும்."

அவர் கைபேசியை எடுத்தார். ராணிப்பேட்டை பக்கம் ரப்பர் சாமான்கள் செய்யும் தம்பி முறைக்காரர் ஒருவரோடு தெலுங்கில் பேசினார். எனக்குத் தெரிந்தது நடுவில் வந்த "கார்பன்" மட்டும்தான். சத்தம் போட்டார், கெஞ்சினார், அதட்டினார், சிரித்தார். பேசி முடித்துவிட்டு, "ஒரு மூட்டை அனுப்பு. பார்க்கிறானாம்" என்றார்.

ஒரு மூட்டை போயிற்று. கால்மிதியில் கலந்து பார்த்தார்கள். நிறமும் உறுதியும் நன்றாகவே வந்தது. குருணையாக இருப்பதை மட்டும் இன்னும் நைசாக அரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அரைக்க ஓர் இயந்திரம் வந்தது. அதன் தூசியோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டினோம். பிறகு ஒரு காலை நேரத்தில் ராணிப்பேட்டையிலிருந்து லாரி வந்து வாசலில் நின்றது.

மூட்டைகளை ஏற்ற எல்லாரும் போனோம், மேலாளர் உட்பட. கருப்புக் கையுறை எத்தனை இருந்ததோ அத்தனையும் தேவைப்பட்டது. மதியத்துக்குள் கொட்டகை காலியானது. லாரி போன பிறகு அண்ணன் குழாயை இழுத்து வந்து தரையைக் கழுவினார். கருப்புத் தண்ணீர் வாய்க்காலிலிருந்த வண்டல் தொட்டிக்கு ஓடி ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. அடியில் தரை தெரிந்தது. வழவழப்பான சிவப்பு சிமெண்ட், ஓரத்தில் பூ வரிசை போட்ட பச்சைக் கட்டம்.

"இந்தத் தரை இவ்வளவு அழகா?" என்று மேலாளர் கேட்டார். அந்த இடம் முன்னே யாருடைய குடோனாகவோ இருந்திருக்கிறது. நாங்கள் வந்த நாளிலிருந்து அதன் மேல் கரியைத்தான் பார்த்திருக்கிறோம்.

யாரோ தேநீர் வாங்கி வந்தார்கள். நாற்காலி எதுவும் எடுத்து வரத் தோன்றவில்லை. ஈரம் காய்ந்த பக்கமாகப் பார்த்து, அந்தச் சிவப்புத் தரையிலேயே எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம். குளிர்ச்சியாக இருந்தது. நெட்டையன் பின்னால் லேசாக இரைந்துகொண்டிருந்தான். மாலைக்குள் அடுத்த பெட்டி நிரம்பிவிடும். அண்ணன் இரண்டாவது கோப்பை வாங்கிக்கொண்டு காலை நீட்டினார்.